தண்டவாளம் போன வழி

கீல்டர் ஏரியைச் சுற்றி ஓடும் சரளைப் பாதையின் நீளம் 42 கிலோமீட்டர். கரையில் எந்த இடத்திலிருந்து மிதிவண்டியை மிதிக்கத் தொடங்கினாலும் பொழுது சாய்வதற்குள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம். இதே பள்ளத்தாக்கின் வழியாக 1862-இல் முழுதாகத் திறக்கப்பட்ட ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 42 மைல். இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தின் ஹெக்ஸாம் என்ற சந்தை ஊரில் கிளம்பி, வடக்கு டைன் ஆற்றை ஒட்டியே மேலேறி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி ரிக்கார்ட்டன் ஜங்ஷனில் போய் முடிந்தது அது. எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் ரயில் பாதை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனது. சரளைப் பாதை எந்த ஊருக்கும் போவதில்லை. அதில் போகிறவர்கள் போவதற்காகவே போகிறார்கள்.

ரயில் போட்டவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் மனதில் இருந்தது நிலக்கரி. பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் பிளாஷெட்ஸ் என்ற இடத்தில் கரிச்சுரங்கம் இருந்தது. அந்தக் கரியை வெளியே கொண்டுபோனால் பாதை போட்ட காசு திரும்பி வரும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பொய்த்தது. எதிர்பார்த்த செல்வம் அந்தச் சுரங்கத்திலிருந்து வரவில்லை. பாதை கடைசிவரை ஓர் ஏழைப் பாதையாகவே ஓடியது. ஆனாலும் ஓடியது. கரியோடு ஆடும் கம்பளியும் கடிதமும் பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள். மிதிவண்டி வைத்திருந்தவர் அதைக் கார்டு வண்டியில் ஏற்றிவிட்டுத் தம் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னால் இதைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அந்த ரயில் பாதையில் இன்றும் நின்றுகொண்டிருக்கும் பெரிய கட்டுமானம் கீல்டர் பாலம். ஏழு வளைவுகள். ஆற்றை நேர்குறுக்காக வெட்டாமல் சாய்வாகக் கடப்பதால் வளைவுகளும் சாய்ந்தே எழ வேண்டும். அதற்கு ஒவ்வொரு கல்லையும் முறுக்கிய வடிவில், அளவெடுத்துத் தனித்தனியே செதுக்க வேண்டும். பீட்டர் நிக்கல்சன் என்பவர் அதற்கு முன்பே வகுத்திருந்த கணித முறையைப் பின்பற்றிக் கல்தச்சர்கள் அதைச் செய்தார்கள். பக்கத்தில் நார்தம்பர்லாந்துப் பிரபுவின் வேட்டை மாளிகை இருந்தது. 1775-இல் கட்டிய அந்த மாளிகையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு உறுத்தக் கூடாது என்று, பாலத்தின் கைப்பிடிச் சுவரைக் கோட்டைக் கொத்தளம் போலவே கட்டி, அம்பெய்யும் துளைகளைப் போலச் சிலுவை வடிவங்களையும் வெட்டி வைத்தார்கள். கரி வண்டி போகிற பாலத்துக்கு இத்தனை ஒப்பனை. ஆனால் அந்த ஒப்பனைதான் பிற்காலத்தில் அதைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. வெறும் ரயில் பாலமாக இருந்திருந்தால் ரயில் நின்றபின் அதற்காக யார் வாதாடியிருப்பார்கள்? தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பிறகு, நியூகாசிலைச் சேர்ந்த பண்பாட்டுப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அந்தப் பாலத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று சரளைப் பாதை அதன் மேல்தான் ஆற்றைக் கடக்கிறது. எஞ்சின் புகை விட்டுக்கொண்டு போன இடத்தில் மிதிவண்டிக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைய பள்ளத்தாக்கை மனதில் வரைய வேண்டுமானால் முதலில் மரங்களை அழித்துவிட வேண்டும். இன்று ஏரியைச் சுற்றி 650 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் காடு அன்று இல்லை. புல்வெளி, புதர் மண்டிய சதுப்பு மேடு, அங்கங்கே கல்லால் கட்டிய பண்ணை வீடு, ஆட்டுக் கிடை, பிரபுவின் விருந்தினர் காட்டுக்கோழி சுடும் குன்று, அவ்வளவுதான். காடு வந்தது ஒரு போரின் பயத்தால். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு மரம் பற்றாக்குறை ஏற்பட்டது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் கம்புகூட வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய நிலை. 1919-இல் அரசு வனத்துறை ஆணையம் அமைத்தது. 1926-இல் கீல்டரில் நடவு தொடங்கியது. நட்ட மரங்களில் பெரும்பாலானவை சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளர்வது. ஈரத்தையும் ஏழை மண்ணையும் பொருட்படுத்தாதது. இன்றும் அந்தக் காட்டில் முக்கால்வாசி அதுதான்.

நட்டவர்கள் யார் என்பதுதான் இந்தக் கதையில் பலர் தாண்டிப் போகும் பக்கம். 1930-களின் மந்தத்தில் வடகிழக்கு இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் கப்பல் கட்டும் துறைகளிலும் வேலை இழந்தவர்களைத் தொழிலாளர் அமைச்சகம் முகாம்களுக்கு அனுப்பியது. பயிற்சி மையம் என்று பெயர். மரக்குடில்களில் பெரும்பாலானவற்றை அவர்களே கட்டிக்கொண்டார்கள். பிறகு குழி வெட்டினார்கள், வாய்க்கால் எடுத்தார்கள், கன்று நட்டார்கள். கீல்டர் முகாமுக்கு ஆட்கள் வந்து இறங்குவதற்காகவே 1933-இல் லூயிஃபீல்டு என்று ஒரு சிறு ரயில் நிறுத்தம் திறந்தார்கள். கரிக்காகப் போட்ட பாதை, கரி வெட்ட வேலை கிடைக்காதவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த முகாம் இருந்த இடம் இப்போது ஏரிக்குள் இருக்கிறது. அதன் மேல் இன்று படகு விடுகிறார்கள்.

இரண்டாம் போருக்குப் பிறகு ஆட்சியாளர்களுக்கு நம்பிக்கை பெருகியிருந்தது. மரம் வெட்டப் பெரும்படை தேவைப்படும் என்று நினைத்து, நகரமைப்பாளர் தாமஸ் ஷார்ப்பைக் கொண்டு காட்டுக்குள் புதிய கிராமங்களுக்குத் திட்டம் போட்டார்கள். 1950-களில் கட்டி முடித்தவை, திட்டத்தில் இருந்ததைவிட மிகச் சில. அதற்குள் இயந்திர ரம்பம் வந்துவிட்டது. ஒரு படை செய்ய வேண்டிய வேலையைச் சிலரே செய்யத் தொடங்கினார்கள். கீல்டர் கிராமத்தில் இன்று இருப்பவர்கள் சுமார் 200 பேர். இங்கிலாந்தில் வெட்டப்படும் மரத்தில் கால்பங்கு இந்தக் காட்டிலிருந்து போகிறது என்பதையும் அந்த 200 என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விளைச்சல் கூடியது, விளைவிப்பவர் குறைந்தார். நம் ஊர் வயல்களிலும் அறுவடை இயந்திரம் இறங்கிய ஆண்டுகளை நினைத்துக்கொள்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையிருக்காது.

ரயில் 1956 அக்டோபரில் பயணிகளைக் கைவிட்டது. இன்னும் இரண்டாண்டு சரக்கு மட்டும் போய்வந்தது. 1958-இல் அதுவும் நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மேடுபடுத்திய மண்ணும் பாலங்களும் மிஞ்சின. பள்ளத்தாக்கு அப்போதே பாதி அமைதியாகிவிட்டது.

மீதி அமைதியைத் தண்ணீர் கொண்டுவந்தது. 1960-களின் இறுதியில் போட்ட மதிப்பீடுகளின்படி, டீஸ் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த எஃகு ஆலைகளுக்கும் ரசாயன ஆலைகளுக்கும் வருங்காலத்தில் எக்கச்சக்கமாகத் தண்ணீர் வேண்டியிருக்கும். மக்கள் எதிர்த்தார்கள், விசாரணைகள் நடந்தன, 1974-இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது, 1975-இல் வேலை தொடங்கியது. 52 மீட்டர் உயரத்தில் மண் அணை எழுந்தது. தண்ணீர் ஏறுமுன் லட்சக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். அவற்றில் அந்த முகாம் ஆட்கள் நட்டவையும் இருந்திருக்கும். பண்ணைகள் போயின, ஒரு பள்ளிக்கூடம் போயிற்று, பிளாஷெட்ஸ் நிலையமும் அதை ஒட்டிய ரயில் தடமும் முழுகின. 1982 மே 26 அன்று அரசி எலிசபெத் வந்து திறந்து வைத்தார்.

கொள்ளளவு 20,000 கோடி லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 7 டி.எம்.சி. மேட்டூரின் 93 டி.எம்.சி.க்கு முன்னால் இது சின்னக் குட்டைதான். ஆனால் பிரிட்டனில் மனிதர் கட்டிய ஏரிகளில் இதைவிட அதிகம் தண்ணீர் பிடிப்பது வேறில்லை. ஏரி நிறைந்த காலத்தில் வடகிழக்கின் ஆலைகள் மெலிந்துகொண்டிருந்தன. கான்செட் எஃகு ஆலை 1980-இலேயே மூடியாயிற்று. ரெட்கார் 2015 வரை தாக்குப்பிடித்தது. யாருக்கும் வேண்டாத தண்ணீர் என்று அந்நாளில் பலரும் கேலி செய்தார்கள். வறண்ட கோடைகளில் இங்கிலாந்தின் தெற்குப் பகுதிகள் தோட்டக் குழாய்க்குத் தடை போடும்போது வடகிழக்குக்கு அந்தக் கவலை இல்லை என்பதைக் கண்ட பிறகு கேலி குறைந்தது. இருந்தாலும் கரிக்காக ரயில், போருக்காகக் காடு, ஆலைக்காக ஏரி என்று இந்தப் பள்ளத்தாக்கில் செய்தது எதுவும் செய்த காரணத்துக்குப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. எந்தக் காரணமும் சொல்லாமல் போட்ட சரளைப் பாதைக்குத்தான் இன்று ஆட்கள் வருகிறார்கள்.

அந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம். அகலம் இரண்டு மூன்று பேர் பக்கம் பக்கமாகப் போகப் போதும். நொறுக்கிய கல்லை அழுத்திப் பரப்பியிருக்கிறார்கள். மழை அங்கே தாராளம் என்பதால் நீர் வடிவதற்குக் குறுக்கே சிறு கால்கள் வெட்டியிருக்கும். நடப்பவர், மிதிவண்டிக்காரர், குதிரை மேல் வருகிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர் எல்லோருக்கும் ஒரே பாதை. கார் இல்லை. ஏரிக்கரை என்றதும் சமதளம் என்று நம்பி வருகிறவர்கள் முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே உண்மையைத் தெரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு ஓடையும் ஏரியில் விழும் இடத்தில் பாதை இறங்கும், உடனே ஏறும். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. சின்ன ஏற்றத்துக்கு முடிவே இல்லை. ரயில் பாதைக்கு இந்தத் தொல்லை கிடையாது. எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் அது பள்ளத்தாக்கின் அடிமட்டத்திலேயே, சீராகப் போனது. சீரான வழி தண்ணீருக்கடியில் போய்விட்டது. மிதிவண்டிக்குக் கிடைத்தது அதற்கு மேலுள்ள சரிவு.

தென்கரைக்கும் வடகரைக்கும் குணம் வேறு. தெற்கே தார்ச்சாலை ஒன்று கரையோடு கூடவே வருகிறது. டவர் நோல், லீப்லிஷ் என்று இறங்கித் தேநீர் குடிக்க இடங்கள் உண்டு. மரங்களுக்கு அப்பால் எப்போதாவது ஒரு கார் போகும் ஓசை கேட்கும். வடகரையில் பொதுச்சாலையே கிடையாது. அங்கே போனால் அணையை அல்லது பாலத்தை அடையும்வரை பாதையை விட்டு வெளியேற வழியில்லை. கைபேசியும் பெரும்பாலும் செத்துக்கிடக்கும். சக்கரம் பஞ்சரானால் ஒட்டுப்போடத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆளரவமற்ற கரையில் திடீரென்று இரண்டு மாடி உயரத்தில் ஒரு மரத்தலை நிற்கும். 2009-இல் வைத்த சிற்பம்; உள்ளே ஏறி அதன் கண் வழியே ஏரியைப் பார்க்கலாம். இன்னொரு திருப்பத்தில் துருப்பிடிக்காத எஃகால் செய்த முக்கோணக் குடில். படகுக்குக் காத்திருப்பவர் ஒதுங்குவதற்காக 1999-இல் கட்டியது. ஆடு மேய்த்தவன் ஒதுங்கிய கற்குடில்கள் இருந்த ஊரில் இன்று கட்டடக் கலைஞர்கள் ஒதுங்குமிடம் கட்டிப் பரிசு வாங்குகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை இரண்டுக்கும் ஒன்றுதான்.

1985-இல் ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனை படைத்த ஸ்டீவ் கிராம் 2010-இல் முன்னின்று இந்தப் பாதையில் மாரத்தான் ஓட்டத்தைத் தொடங்கினார். ஒரு சுற்று கிட்டத்தட்ட மாரத்தான் தூரமே இருப்பது அதற்கு வசதியாயிற்று.

மிதிவண்டியின் கதையும் இதே காலத்தில் தலைகீழானது. 1949-இல் பிரிட்டனின் சாலைகளில் மக்கள் மிதிவண்டியில் போன மொத்தத் தூரம் சுமார் 2,370 கோடி கிலோமீட்டர் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. 1973-இல் அது 370 கோடியாகச் சுருங்கியது. இருபத்துநான்கு ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. 1949-இல் வண்டி நடமாட்டமில்லாத பாதை என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. ஊர்ச்சாலை எல்லாமே அநேகமாக அப்படித்தான் கிடந்தது. ஆலைக்குப் போகிறவர், தபால்காரர், செவிலி, மாவட்டம் விட்டு மாவட்டம் சுற்றிப் பார்க்கிற இளைஞர் எல்லோரும் ஒரே சாலையில் போனார்கள். கரடுமுரடான தடத்தில் வேண்டுமென்றே மிதிப்பது அன்று சில கிறுக்கர்களின் பொழுதுபோக்கு. அவர்கள் 1955-இல் ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்று சங்கமே அமைத்தார்கள். சாதாரண எஃகு வண்டி, மெல்லிய டயர், சட்டையும் டையும். வண்டி ஏறாத இடத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இன்று அதே வேலைக்கு நாற்பது மில்லிமீட்டர் டயரும் கார்பன் சட்டமும் கொண்ட வண்டியைச் சரளை வண்டி என்று பெயரிட்டு, ஒரு மாதச் சம்பளத்துக்கு விற்கிறார்கள். வண்டி தோளில் ஏற வேண்டியதில்லை. கல் கையில் உதைப்பதில்லை. தெரியாத பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இருட்டில் ஏதோ ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டுவதும் இல்லை. பண்ணை வீடே இல்லை என்பது வேறு விஷயம்.

பெற்றதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 2009-இல் கீல்டரில் ஒரு ஜோடி விராலடிப்பான் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. நார்தம்பர்லாந்தில் அந்தப் பறவை இனப்பெருக்கம் செய்து அதற்கு முன் குறைந்தது 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய பள்ளத்தாக்கில் அது வந்திருக்காது. மீன் பிடிக்க இவ்வளவு பரந்த நீர் அங்கே இல்லை. இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் சாம்பல் அணிலிடம் தோற்று ஒழிந்துகொண்டிருக்கும் செவ்வணிலில் ஏறக்குறையப் பாதி இந்தக் காட்டில்தான் வாழ்கிறது. யாரும் விரும்பிப் பார்க்காத சிட்கா ஸ்புரூஸ்தான் அதற்கு அரண். அதன் சின்ன விதை சாம்பல் அணிலுக்குப் போதாது, செவ்வணிலுக்குப் போதும். 2013 டிசம்பரில் இந்தப் பகுதி முழுவதையும் இருள்வானப் பூங்காவாக அறிவித்தார்கள். கிராமத்துக்கு மேலே மலைமுகட்டில் ஒரு வானாய்வகம் 2008 முதல் இயங்குகிறது. பால்வீதியை வெறும் கண்ணால் பார்க்க மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். 1930-இல் அங்கே இருந்த இடையனுக்கு அந்த இருட்டு இலவசமாகக் கிடைத்தது. அவன் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டான். விளக்கு வேண்டும் என்றுதான் கேட்டிருப்பான்.

இழந்ததை எண்ணிச் சொல்வது கடினம். முழுகிய வீடுகளை எண்ணலாம். அந்த வீடுகள் ஒன்றுக்கொன்று நடந்துபோன ஒற்றையடித் தடங்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடம், தேவாலயத்துக்கு ஒன்று, ஆட்டைக் கூட்டிச் சேர்க்கும் நாளில் எல்லாப் பண்ணையாரும் வரும் தடம் ஒன்று. இன்று கரையில் ஒரே பாதை. நன்றாகப் போட்ட பாதை, பெயர்ப்பலகையும் தூரக்கல்லும் உள்ள பாதை. ஆனால் அதில் எதிரே வருகிறவர் யாருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அல்லர். வணக்கம் சொல்வார்கள், வடநாட்டு ஆங்கிலேயர்கள் அந்த மரியாதையில் குறை வைப்பதில்லை. அதோடு சரி.

அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தப் பாதையில் விளங்காத முரண். நியூகாசிலிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில், மிதிவண்டியைக் காரின் பின்புறச் சட்டத்தில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பேருந்து அபூர்வம். ஊர் சிறியது, வருகிற கார்களை நிறுத்துமிடங்கள் பெரியவை. கார் இல்லாத பாதையில் மிதிக்க வேண்டுமானால் கார் வேண்டும். கார்டு வண்டியில் மிதிவண்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்க 1956 வரை முடிந்தது.

ரீவர்ஸ் ரூட் என்ற தொலைதூர மிதிவண்டி வழி இந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு, கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்குப் போகிறது. பதினாறாம் நூற்றாண்டில் இரவோடு இரவாக மாடு ஓட்டிக்கொண்டு போன எல்லைக் கொள்ளையர்களின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். காரை நம்பாமல் கீல்டருக்கு வந்து போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழிக்காரர்கள்தான்: பையைக் கட்டிக்கொண்டு மூன்று நான்கு நாள் மிதிக்கத் தெம்பும் விடுப்பும் உள்ளவர்கள்.

ரிக்கார்ட்டன் ஜங்ஷன் வழியாக எடின்பரோவுக்கும் கார்லைலுக்கும் இடையே ஓடிய வேவர்லி பாதை 1969-இல் மூடப்பட்டது. அதன் வடபகுதி 2015-இல் ட்வீட்பேங்க் வரை திரும்ப ஓடத் தொடங்கி, எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் அதில் ஏறினார்கள். மீதியையும் தெற்கே நீட்ட வேண்டும் என்று எல்லைப்புற ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், என்றாவது நடக்கலாம். ஆனால் அங்கிருந்து பிரிந்து கீல்டர் வழியே ஹெக்ஸாமுக்கு வந்த கிளைக்கு அந்த வாய்ப்பில்லை. அதன் நடுப்பகுதி 7 டி.எம்.சி. தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. கிராமத்திலிருந்து ஹெக்ஸாம் ரயில் நிலையம் 50 கிலோமீட்டருக்கும் மேல். மிதிவண்டிகள் இனியும் காரின் முதுகில்தான் வரும்.